ஆசையும் கணிப்பும்

திருவண்ணாமலையில், பே கோபுரத் தெருவில் சித்தப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கிழக்கே, 217 அடி ராஜகோபுரத்தின் பக்கம்தான் வெளியூர்க் கூட்டமும் பெரிய கடைகளும். மேற்கே, மலையைப் பார்த்து நிற்கிற பே கோபுரத்தின் பக்கம் எல்லாம் உள்ளூர் முகங்கள். மட்கார்டில் வெள்ளை பெயின்டால் நம்பர் எழுதிய சைக்கிள்கள் கடை வாசலில் வரிசையாக நிற்கும். காற்றடிக்கும் பம்பு, பங்ச்சர் பார்க்கத் தண்ணீர் ஊற்றிவைத்த இரும்புச் சட்டி, கூரைக் கம்பியில் தொங்கும் பழைய டயர்கள், எந்நேரமும் சொல்யூஷன் வாசனை. சுவரில் ஒரு கரும்பலகை. எந்த நம்பர் வண்டியை யார், எத்தனை மணிக்கு எடுத்துப் போனார்கள் என்று சாக்பீஸால் எழுதிவைப்பதற்காக மாட்டியது. அதன் நடுவே கோடு கிழித்து, வலப்பக்கப் பாதியை சித்தப்பா வேறு காரியத்துக்கு ஒதுக்கியிருந்தார். அந்தப் பாதியைப் படிப்பதற்கென்றே ஆட்கள் கடைக்கு வந்துபோனார்கள்.

அதில் மூன்று கட்டம். முதலில், என்ன ஆட்டம். அடுத்தது, யார் ஜெயிப்பார்கள். மூன்றாவது கட்டம் மற்ற இரண்டையும்விட அகலம்: எதனால். உலகக் கோப்பை கிரிக்கெட்டோ, பக்கத்துக் கிராமத்துக் கபடியோ, எதுவானாலும் ஆட்டம் தொடங்குமுன் கணிப்பு பலகையில் ஏறிவிடும். தெருவில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தபால்காரர் சொல்வார், டீ மாஸ்டர் சொல்வார், கோபுர வாசலில் பூக்கட்டும் ஆயாவும் சொல்லும். காரணம் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் பலகையில் இடமில்லை. பந்தயம் கட்டிப் பேசுகிறவருக்குக் கடையிலேயே இடமில்லை. "துட்டு உள்ள வந்துட்டா கண்ணு ஆட்டத்தப் பாக்காது, துட்டத்தான் பாக்கும்" என்பார் சித்தப்பா.

என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் பலகையில் எழுதும் வேலை எனக்கு வந்தது. அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே கடைக்குப் போய், ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒவ்வொருவர் சொல்வதையும் எழுதுவேன். நீளமாகச் சொன்னால் சுருக்கி எழுத வேண்டும். ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியில் சொல்ல நான் பழகியது அந்த ஸ்டூல் மேல் நின்றுதான்.

சித்தப்பா காலையில் ஓட்டக்காரர், சாயங்காலம் வாலிபால்காரர், நடுவில் சைக்கிள் கடைக்காரர். மாவட்ட அளவில் 5,000 மீட்டர் ஓடியிருந்தார். விளையாட்டால் அவருக்கு வேலையும் கிடைக்கவில்லை, பணமும் வரவில்லை. அதை ஒரு குறையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. விடியுமுன் எழுந்து, செருப்பில்லாத காலோடு, கிரிவலப் பாதையில் ஓடக் கிளம்பிவிடுவார். முழுச்சுற்று 14 கிலோமீட்டர். மலை சுற்றுகிறவர்கள் நடக்கும் அதே திசையில், மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி ஓடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சின்ன சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போவேன். அக்னி லிங்கம், ரமணாசிரமம், எமலிங்கம் எல்லாம் தாண்டி, செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பியதும் ஊர்ச் சத்தம் நின்றுவிடும். இரண்டு பக்கமும் புளியமரங்கள். இப்போது இருப்பதுபோல் வரிசை விளக்குகள் அப்போது இல்லை. சித்தப்பாவின் மூச்சுச் சத்தத்தை வைத்துத்தான் அவர் எவ்வளவு தூரத்தில் போகிறார் என்று தெரிந்துகொள்வேன். அடி அண்ணாமலை வரும்போது வெளிச்சம் வந்துவிடும். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நானும் கூட ஓடுவேன்.

2,668 அடி உயரமுள்ள அந்த மலை, சுற்றி வரும்போது ஒரே உருவத்தில் நிற்காது. ஓரிடத்தில் ஒற்றைச் சிகரம், இன்னோரிடத்தில் அகன்ற முதுகு, வேறோரிடத்தில் முகடுகள் பிரிந்து தெரியும். சித்தப்பா அதைக் காட்டி ஒருமுறை சொன்னார்: "மலை ஒண்ணுதான் பாப்பா. நிக்கிற எடத்த மாத்துனா வேற மலை. ஆட்டமும் அப்படித்தான். எதிர் டீம் நிக்கிற எடத்துலேந்தும் ஒருவாட்டி பாத்துட்டு அப்புறம் சொல்லணும்."

அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கியது 1996 மார்ச்சில், உலகக் கோப்பையின் கடைசி வாரத்தில்.

அந்த உலகக் கோப்பையை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தின. ஜனவரி 31ஆம் தேதி கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்ததால் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்துவிட்டன. அந்த இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளும் ஆடாமலே இலங்கைக்குப் போயின. பிப்ரவரி 29 அன்று புனேயில் கென்யா, மேற்கிந்தியத் தீவுகளை 93 ரன்னில் சுருட்டியது. எங்கள் பலகையில் அதை ஒருவர்கூடச் சொல்லியிருக்கவில்லை. மார்ச் 2ஆம் தேதி டெல்லியில் டெண்டுல்கர் 137 அடித்தும், 271 ரன் சேர்த்தும் இந்தியா இலங்கையிடம் தோற்றது. ஜெயசூர்யாவும் கலுவிதாரணவும் முதல் மூன்று ஓவர்களிலேயே 42 ரன் எடுத்ததை டீக்கடையில் ஒரு வாரம் பேசினார்கள். முதல் 15 ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்கள்தான் நிற்கலாம் என்ற விதியை இப்படி ஒரு டீம் பயன்படுத்தி அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

மார்ச் 9, சனிக்கிழமை. பெங்களூரில் இந்தியா, பாகிஸ்தான் கால் இறுதி. காலையிலேயே பலகை நிரம்பிவிட்டது. பூக்கார ஆயா, "பாகிஸ்தான் தோக்கணும், எழுதிக்கோ" என்றது. சித்தப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆயா, தோக்கணும்னா அது ஆசை. தோக்கும்னா அது கணிப்பு. நீ எதச் சொல்ற?"

ஆயா முழம் போட்டுக்கொண்டே யோசித்தது. "ஆசைதான்" என்றது.

"அப்ப அத மனசுல வெச்சுக்கோ. பலகைக்கு வேற சொல்லு."

சித்தப்பாவின் கணிப்பை எழுதினேன்: 'இந்தியா. ஸ்ரீநாத், பிரசாத், கும்ப்ளே மூவரும் கர்நாடகக்காரர்கள். மைதானம் அவர்களுடையது.'

மத்தியானம் எதிர்வீட்டு வாத்தியார் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. சாலிடேர் டிவி, கறுப்பு வெள்ளை. பெரியவர்களுக்குப் பாய், எங்களுக்குத் தரை. கரன்ட் போனால் அலமாரியிலிருந்து டிரான்சிஸ்டரை இறக்குவார்கள். எண்பதுகளில் சேப்பாக்கத்து டெஸ்ட்களை வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையில் கேட்டு வளர்ந்தவர் சித்தப்பா. படம் நின்றாலும் காதால் ஆட்டத்தைப் பார்க்க அவருக்குத் தெரியும். சத்தம் போடுகிறவர்களை அடக்கிவிட்டு, ஃபீல்டர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்துக் காட்டுவார்.

சித்து 93. கடைசியில் அஜய் ஜடேஜா இறங்கி 25 பந்தில் 45. வக்கார் யூனிஸின் கடைசி இரண்டு ஓவர்களில் 40 ரன் வந்தது. இந்தியா 287. பதிலுக்கு சயீத் அன்வரும் ஆமிர் சோகைலும் ஆடிய ஆட்டத்தில் கூடமே பேச்சிழந்து உட்கார்ந்துவிட்டது. வெங்கடேஷ் பிரசாத்தின் பந்தை சோகைல் எல்லைக்கு விரட்டிவிட்டு, இன்னொன்றும் அங்கேதான் போகும் என்பதுபோல் மட்டையால் காட்டினார். அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது. வாத்தியார் வீட்டுக் கூரை அதிர்ந்தது. பாகிஸ்தான் 248க்கு 9. பிரசாத்துக்கு 3 விக்கெட், கும்ப்ளேவுக்கு 3 விக்கெட். சித்தப்பாவின் காரணம் அப்படியே பலித்திருந்தது.

ஆனால் திரும்பி வரும்போது அவர் பேசியது ஜாவேத் மியாண்டட்டைப் பற்றி. 1975 முதல் நடந்த ஆறு உலகக் கோப்பைகளிலும் ஆடிய ஒரே ஆள் அவர். 38 ரன்னில் ரன் அவுட்டாகித் தலைகுனிந்து போனது அவருடைய கடைசி ஆட்டம். "இருபது வருஷம் ஆடினவரு. ஒருத்தரும் கை தட்டல பாரு" என்றார். ஜெயித்த சந்தோஷத்தில் இருந்த எனக்கு அது அன்று உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடித்துக் கடைக்கு வந்து தினத்தந்தியைப் பிரித்தோம். ஃபைசலாபாத்தில் இலங்கை இங்கிலாந்தை வென்றிருந்தது. ஜெயசூர்யா 44 பந்தில் 82. திங்கள்கிழமை சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. தெருவிலிருந்து இரண்டு அண்ணன்கள் செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு பஸ் ஏறினார்கள். கிறிஸ் ஹாரிஸ் 130 அடித்தார். மார்க் வா 110 அடித்து அதை மீறினார். ஒரே உலகக் கோப்பையில் மூன்று சதம் அடித்த முதல் ஆள் என்று பேரெடுத்தார். போய் வந்த அண்ணன்கள் மைதான வெளிச்சத்தைப் பற்றியும் ஹாரிஸுக்கு ஊரே எழுந்து கை தட்டியதைப் பற்றியும் இரண்டு நாள் சொன்னார்கள். அதே நாளில் கராச்சியில், அதுவரை ஐந்து ஆட்டத்திலும் ஜெயித்திருந்த தென்னாப்பிரிக்காவை பிரையன் லாரா 111 அடித்து வெளியேற்றினார். லாராவைப் பலகையில் எழுதச் சொன்னவர் தபால்காரர். 'ஒருநாள் லாராவுடைய நாளாக இருக்கும்' என்பது அவர் சொன்ன காரணம். சித்தப்பா அதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 13, புதன். கொல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியா, இலங்கை அரை இறுதி. சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இந்தியா. டெல்லிக் கணக்கைத் தீர்ப்பார்கள். ஈடன் கூட்டம் பன்னிரண்டாவது ஆள்.' தெருவில் எல்லோருமே இந்தியாதான். அன்றைக்குப் பலகையில் இரண்டாவது கட்டம் முழுக்க ஒரே பெயர்.

அசாருதீன் டாஸ் ஜெயித்து ஃபீல்டிங் எடுத்தார். ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே கலுவிதாரண, ஜெயசூர்யா இருவரும் தேர்ட்மேன் பக்கம் கேட்ச் கொடுத்துப் போனார்கள். நாங்கள் குதித்தோம். அதற்குப் பிறகு அரவிந்த டி சில்வா வந்தார். 47 பந்தில் 66. குட்டையான உடம்பு, அவசரமே இல்லாத கால். இரண்டு விக்கெட் விழுந்ததே தெரியாதவர்போல் ஆடினார். நான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் புலம்பிக்கொண்டிருக்க, அவர் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலங்கை 251. டெண்டுல்கர் ஆடுகிறவரை நம்பிக்கை இருந்தது. டீம் ஸ்கோர் 98 ஆக இருந்தபோது ஜெயசூர்யாவின் பந்தில் அவர் ஸ்டம்பிங் ஆனதும் பிட்ச் வேறாகிவிட்டது. பந்து திரும்பியது, நின்றது, எகிறியது. 98க்கு 1 என்றிருந்தது 120க்கு 8 ஆனது. ஈடனில் பாட்டில்கள் பறந்தன, இருக்கைகளில் தீ வைத்தார்கள். ஆட்டக்காரர்களை வெளியே அழைத்துப் போய்த் திரும்பக் கூட்டிவந்தும் அடங்கவில்லை. மேட்ச் ரெஃப்ரியாக இருந்த கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே மைதானத்தைவிட்டு வந்தார். கூடத்தில் இருந்த பெண்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் அழுதார்கள். யாரோ டிவியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள்.

சித்தப்பா எழுந்து நின்று கை தட்டினார்.

"இன்னாய்யா, நீ எந்த ஊரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கோபமாக வந்தது.

"இந்த ஊருதான். ஆடினவனுக்குத் தட்றேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. நானும் அவர் பக்கத்தில் எழுந்து நின்றேன். கை தட்டியது நாங்கள் இருவர்தான்.

மறுநாள் கடை திறந்ததும் அவர் செய்த முதல் காரியம், பலகையில் தன் பெயருக்கு நேரே இருந்த காரணத்தைச் சுற்றி வட்டம் போட்டது. அழிக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டார். பூக்கார ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஆயா, சனிக்கிழம உன்ன மடக்கினேன். நேத்து நான் எழுதுனதும் ஆசைதான். கணக்குத் தீக்கிறதுன்னு ஆட்டத்துல ஒண்ணும் கெடையாது. கூட்டமும் ஆடாது. அந்த அரவிந்த டி சில்வாவப் பத்தி நான் ஒரு வார்த்த யோசிக்கல." ஆயா சிரித்து, அவருக்கு ஒரு முழம் பூ கொடுத்தது. அவர் அதைக் கடைச் சாமி படத்துக்குப் போட்டார்.

தெரு முழுவதும் ஆட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த காலையில், தான் பார்க்கத் தவறியது என்ன என்று தேடிய மனிதர் அவர் ஒருவர்தான். பெரியவர்களில் அப்படி ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்று மாலை மொகாலியில் இரண்டாவது அரை இறுதி. ஆஸ்திரேலியா 15க்கு 4 என்று தொடங்கி 207க்கு வந்தது. மேற்கிந்தியத் தீவுகள் 165க்கு 2 வரை போனதும் பாதிப்பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஷேன் வார்ன் 4 விக்கெட் எடுத்தார். ரிச்சி ரிச்சர்ட்சன் ஒரு முனையில் 49 ரன்னோடு நிற்க, எதிர்முனையில் எல்லோரும் போனார்கள். 202. ஐந்து ரன்னில் தோல்வி. "ஈசான்ய லிங்கத்துக்கு வந்துட்டா ஊர் வந்துடுச்சின்னு நெனப்பம். கால் அங்கதான் மடங்கும்" என்றார் சித்தப்பா. நீண்ட தூரம் ஓடுகிறவருக்குத்தான் அந்த 37 ரன்னின் கனம் தெரியும்.

வெள்ளிக்கிழமை டிவியில் ஆட்டமில்லை. ஆனால் சனிக்கிழமை எங்கள் ஊரில் ஒரு ஆட்டம் இருந்தது. சித்தப்பாவின் வாலிபால் டீமுக்கும், மாவட்டத்தில் இருந்த இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றின் இளைஞர்களுக்கும். இலங்கை 1991இல் வாலிபாலைத் தன் தேசிய விளையாட்டாக அறிவித்த நாடு. அங்கிருந்து வந்த அண்ணன்களுக்கு அந்த ஆட்டம் சின்ன வயதிலேயே கையில் ஏறியிருந்தது. கடல் தாண்டி வந்தபோது பலர் எதையும் கொண்டுவரவில்லை. ஆட்டம் மட்டும் உடம்போடு வந்தது.

"நம்ம ஆட்டத்தையும் பலகையில போடலாமா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"போடு."

"யாரு?"

சாக்பீஸைத் தானே வாங்கி எழுதினார்: 'முகாம் டீம். அவர்கள் லிஃப்டர் நம் லிஃப்டரைவிட நிதானம். சர்வீஸை வீணாக்க மாட்டார்கள்.'

தன் டீம் தோற்கும் என்று கேப்டனே எழுதியதைப் பார்த்து அவருடைய கூட்டாளிகள் சண்டைக்கு வந்தார்கள். "ஜெயிக்கணும்னு ஆடுவேன். அது வேற, இது வேற" என்று மட்டும் சொன்னார்.

இருட்டுமுன் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதால் ஆட்டம் வெயிலிலேயே தொடங்கியது. சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்ட செம்மண் தரை, சவுக்குக் கம்பங்களில் கட்டிய வலை. எங்கள் ஊர் வாலிபாலில் அப்போது சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் புள்ளி. எதிர்ப்பக்கம் ஜெயித்தால் சர்வீஸ் கைமாறும், புள்ளி ஏறாது. 15 புள்ளிக்கு ஒரு செட். சமபலமான டீம்கள் மோதினால், சர்வீஸ் இங்கும் அங்கும் மாறி மாறிப் போய், பத்து நிமிஷம் ஸ்கோர் அசையாமல் நிற்கும். யார் சர்வீஸ் போட்டாலும் ஜெயித்த பக்கத்துக்குப் புள்ளி கொடுக்கும் இன்றைய முறை சில வருஷம் கழித்துத்தான் வந்தது. பொறுமையைச் சோதிக்கிற அந்தப் பழைய முறையில், ஒரு சர்வீஸ் வலையில் இடித்தால் எவ்வளவு உழைப்பு வீண் என்பது பார்க்கிற பிள்ளைகளுக்கும் புரியும்.

சித்தப்பா அன்று ஆடியதுபோல் ஆடி நான் பார்த்ததில்லை. முழங்கால் சிராய்ந்து ரத்தம் வழிய, எல்லைக்கு வெளியே போகிற பந்துக்கெல்லாம் விழுந்தார். முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் 13க்கு 13 வந்து, அங்கேயே சர்வீஸ் ஐந்தாறு முறை கைமாறியது. கடைசியில் முகாம் டீமின் லிஃப்டர், ஸ்மாஷ் அடிக்கப் பந்தைத் தூக்குவதுபோல் தூக்கி, வலைக்கு மேல் விரலால் மெல்லத் தள்ளிவிட்டார். எங்கள் ஆட்கள் அண்ணாந்து பார்த்து நிற்க, பந்து தரையைத் தொட்டது. சித்தப்பா வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய் முதல் ஆளாக அவரைக் கட்டிக்கொண்டார்.

தோற்போம் என்று எழுதிவிட்டு, ஜெயிப்பதற்காக இவ்வளவு பாடுபட முடியும் என்பது எனக்கு அன்று பெரிய திறப்பாக இருந்தது. இருக்கிற நிலைமையை மறைக்காமல் பார்த்துக்கொள்வதும், அதற்குப் பணிந்துபோகாமல் ஆடுவதும் ஒரே மனிதருக்குள் இருக்கலாம். படிப்பிலும் வேலையிலும் நோயிலும் பிறகு எனக்குத் துணைநின்றது அந்த மூன்றாவது செட் கற்றுத்தந்த பாடம்தான்.

மார்ச் 17, ஞாயிறு. லாகூரில் இறுதி ஆட்டம். காலையில் முகாம் லிஃப்டர் அண்ணன் வாடகைக்கு சைக்கிள் எடுக்கக் கடைக்கு வந்தார். பலகையில் ஏறக்குறைய எல்லோரும் ஆஸ்திரேலியா. அவர்கள் சொன்ன காரணமும் வலுவானது. அதுவரை நடந்த ஐந்து இறுதி ஆட்டங்களிலும் முதலில் பேட் செய்த டீம்தான் ஜெயித்திருந்தது. ஆஸ்திரேலியா ரன் சேர்த்துவிட்டால் விரட்டிப் பிடிக்க முடியாது. ஆடாமலே புள்ளி வாங்கி வந்த டீம்தானே இலங்கை என்றும் சிலர் சொன்னார்கள்.

அந்த அண்ணனிடம் கேட்டேன், "நீங்க யாருண்ணா?"

அவர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். "எனக்குச் சொல்லத் தெரியேல்லைத் தங்கச்சி. அந்தக் கொடியைப் பார்த்தால் மனம் ஒரு மாதிரிப் போகும். ஆனா முரளி பந்து போடேக்க பார்க்க வேணும். அரவிந்த அடிக்கேக்கயும் பார்க்க வேணும்" என்றார்.

அதற்குமேல் யாரும் அவரிடம் கேட்கவில்லை. கண்டியிலிருந்து வந்த தமிழர் முத்தையா முரளிதரன். மூன்று மாதத்துக்கு முன் மெல்போர்னில், பந்தை எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் அவருக்கு 'நோ பால்' சொல்லியிருந்தார். இப்போது அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் ஆட வேண்டும். ஆசை, கணிப்பு என்று எங்கள் பலகை இரண்டாகப் பிரித்ததில் அடங்காத ஒன்றும் மனிதருக்குள் உண்டு என்று அன்று தெரிந்தது.

சித்தப்பா எழுதச் சொன்னார்: 'இலங்கை. முதல் இருவர் போனாலும் அரவிந்த நிற்பார். புதன்கிழமை பார்த்தோம்.'

ரணதுங்க டாஸ் ஜெயித்து ஆஸ்திரேலியாவை ஆடச் சொன்னபோது கூடமே சிரித்தது. மார்க் டெய்லரும் ரிக்கி பான்டிங்கும் 137க்கு 1 வரை கொண்டுபோனார்கள். அரவிந்த டி சில்வா பந்தைக் கையில் எடுத்து இருவரையும் வெளியேற்றினார். முரளி 10 ஓவரில் 31 ரன்தான் கொடுத்தார். ஆஸ்திரேலியா 241ல் நின்றது. இலங்கை இறங்கியது. ஜெயசூர்யா ரன் அவுட், கலுவிதாரண கேட்ச். 23க்கு 2. எல்லோரும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "இப்பதான் நான் எழுதுன ஆட்டம் ஆரம்பிக்குது" என்றார்.

அதே கால்கள், அதே அவசரமின்மை. குருசிங்க 65, ரணதுங்க ஆட்டமிழக்காமல் 47, அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெட்டில் வெற்றி. இரண்டாவதாக பேட் செய்து உலகக் கோப்பையை வென்ற முதல் டீம் இலங்கை. புதன்கிழமை கத்தியவரும் அன்று இரவு எழுந்து நின்று கை தட்டினார். கூடமே தட்டியது. கணிப்பு பலித்ததைப் பற்றி சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் ஓடப் போனார்.

பிறகு வாடகை சைக்கிளுக்கு ஆள் வருவது நின்றது, கடையும் போயிற்று. மீட்டர்கேஜ் ரயில் போய் அகலப் பாதை வந்தது. கிரிவலப் பாதையில் விளக்குகளும் நடைபாதையும் வந்தன. சித்தப்பா இப்போது ஓடுவதில்லை, நடக்கிறார். கல்லூரியில் 3,000 மீட்டர் ஓடிய நான், ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் அந்தச் சுற்றை இன்றும் ஓடுகிறேன்.

கணிப்பு என்பது கைப்பேசியில் ஒரு தொழிலாகவே ஆகிப்போனதையும் இடையில் பார்த்தோம். பதினோரு பேரைத் தேர்ந்தெடு, பணத்தைக் கட்டு, கோடி வெல்லலாம் என்று ஆட்டக்காரர்களே விளம்பரத்தில் வந்து சொன்னார்கள். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை விட்ட இளைஞர்களின் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனம் பதறியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. நல்ல காரியம். ஆனால் சட்டம் பணத்தைத்தான் தடுக்கும். ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று கற்றுத்தராது. அதைக் கற்றுத்தர ஒவ்வொரு தெருவிலும் ஒரு சித்தப்பா வேண்டும்.

அண்ணன் பிள்ளைகள் ஐ.பி.எல். நாட்களில் என்னிடம் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்கிறார்கள். நான் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டுக் கொடுக்கிறேன். அவர்களுக்காக நானே நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: உன் ஆசை என்ன. சென்னைக்காக உயிரை விடுகிற பெரியவன் ஆசைக் கட்டத்தில் சென்னை என்றும், கணிப்புக் கட்டத்தில் வேறு டீமின் பெயரையும் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டான். எழுதிவிட்டுச் சென்னைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறான். கத்தட்டும். சென்னை தோற்கிற நாளில் எதிர் டீமுக்கு எழுந்து நின்று கை தட்டவும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.